தொழில் முனைவோர் சிந்தனையை அறியும் முறைகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஒருவர் எவ்வாறு சிந்தித்தார் என்பதைப் பெரிதும் அவர் கூற்றைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது. அக்கூற்று எப்போது, எம்மொழியில் பெறப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் சான்றுத் தகுதி அமைகிறது. தொழில் முனைவோர் பற்றிய பண்புசார் ஆய்வுகளின் வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு.

ஜேம்ஸ் பெர்னா 1960இல் வெளியிட்ட நூல், சென்னை மாநிலத் தொழில் முனைவோர் 52 பேரைப் பற்றியது. முதலீடு எங்கிருந்து வந்தது, முன்பு செய்த தொழில் யாது என்பன போன்றவற்றை அறிய நேர்காணல் ஏற்ற முறையே. சாதியைவிடப் பொருளியல் காரணிகளே முதன்மையானவை என அவர் கண்டார்.

1964இல் மில்டன் சிங்கர் சென்னை நகரத் தொழில் தலைவர்கள் 19 பேருடன் உரையாடினார். இந்து சமயநெறி தொழில் முயற்சிக்குத் தடை என்ற மாக்ஸ் வேபரின் கருத்தை ஆராய்வது அவர் நோக்கம். இல்லத்தில் ஒரு நெறியும் அலுவலகத்தில் வேறொரு நெறியும் முரணின்றி நிலவக் கண்ட அவர், அதனைக் ‘கம்பார்ட்மென்டலைசேஷன்’ என்றார். இதனை ‘அறைப்படுத்தல்’ என்பதா, ‘பிரித்துவைத்தல்’ என்பதா? முன்னது சுவரைச் சுட்டுகிறது. பின்னது ஒருவர் தாமே செய்யும் செயலைச் சுட்டுகிறது. சிங்கர் இதனைச் சூழலுக்கேற்ற ஓர் உத்தியாகவே கருதினமையின் பின்னதே பொருந்தும் என்பது என் துணிபு. எவ்வாறாயினும் இது ஆய்வாளர் படைத்த சொல். அத்தொழில் தலைவர்கள் தம் வாழ்வுக்கு இட்ட பெயரன்று. நேர்காணல் முறையின் இடர் இங்கேதான் உள்ளது.

அதே காலத்தில் டேவிட் மெக்லெலண்ட் காக்கிநாடா வணிகர்க்குப் பயிற்சி அளித்தார். படத்தைப் பார்த்து எழுதும் கதையில் சாதனை வேட்கையை அளப்பது அவர் முறை. அத்தகைய கதை எழுதுதலே பயிற்சியின் பகுதியாகவும் இருந்தது. எனில் பின்னர் எழுதிய கதை காட்டுவது மனத்தையா, கற்ற நடையையா? 1969இல் விண்டருடன் எழுதிய நூலில் தொழில் நடவடிக்கைகளையும் அவர் கணக்கிட்டது இதனால் இன்றியமையாததாகிறது.

சாரஸ் சரஸ்வதி, தேர்ந்த தொழில் முனைவோர் 27 பேரிடம் ஒரு சிக்கலைக் கொடுத்து, எண்ணுவதை எண்ணும்போதே உரக்கச் சொல்லச் செய்தார். 2001இல் தம் கோட்பாட்டை வெளியிட்டார். மொழிபெயர்ப்பாளர்க்கு இம்முறை புதிதன்று. ஹான்ஸ் கிரிங்ஸ் 1986இலேயே மொழிபெயர்ப்புச் செயலை ஆராய இதனைக் கையாண்டார்.

மயூர் விஹாரில் தொழில் நடத்தும் தமிழர் ஒருவரிடம் இம்முறையைக் கையாள்வோர், தமிழிலேயே பேசுமாறு பணித்தல் ஆகாது. கணக்கை இந்தியிலும் கவலையைத் தமிழிலும் எண்ணுபவரை ஒரு மொழிக்குள் அடக்கினால், பதிவாவது அவர் செய்த மொழிபெயர்ப்பே. ஒலிப்பதிவைக் கலப்பு மாறாமல் எழுத்தாக்கி, மொழிபெயர்ப்பை அதனருகே தனிப் பத்தியாக வைத்தல் வேண்டும்.