மளிகைக் கூப்பன் (அமெரிக்கா)

அமெரிக்க மளிகைக் கடைகளில் பில் போடும்போது காட்டினால், குறிப்பிட்ட பொருளின் விலையில் கழிவு தரும் சீட்டு. இப்போது கைப்பேசிச் செயலியிலும் கிடைக்கிறது. ஒரு கோப்பை கோகோ கோலாவை இலவசமாகத் தரச்சொல்லி 1887இல் வெளியான சீட்டு இதன் முன்னோடிகளுள் ஒன்று.

புதியவர் முதலில் பார்க்க வேண்டியது, சீட்டை வெளியிட்டது யார் என்பதை. உற்பத்தியாளர் கூப்பன் அதை ஏற்கும் எந்தக் கடையிலும் செல்லும். கழித்த தொகையைக் கடைக்காரர் அந்த நிறுவனத்திடம் திரும்பப் பெறுவார், சீட்டுக்கு வழக்கமாக 8 சென்ட் கையாளும் கூலியோடு. கடைக் கூப்பன் அந்தக் கடையோடு சரி. இரண்டுக்கும் பணம் வெவ்வேறு இடத்திலிருந்து வருவதால், ஒரே பொருளுக்கு இரண்டையும் சேர்த்து ஏற்கும் கடைகள் உண்டு. 4 டாலர் பற்பசை தள்ளுபடியில் 3 டாலருக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தியாளர் கூப்பனில் 1 டாலர், கடைக் கூப்பனில் 50 சென்ட் கழிந்தால், கொடுக்க வேண்டியது 1.50 டாலர். (பல மாநிலங்களில் விற்பனை வரி மட்டும் உற்பத்தியாளர் கூப்பனைக் கழிப்பதற்கு முந்தைய விலைக்கே போடப்படும்.)

பலரும் தடுமாறுவது பொடி எழுத்தில்தான். 'ஒரு கொள்முதலுக்கு ஒன்று' என்றால் ஒரு பொருளுக்கு ஒரு சீட்டு; வேறு வரம்பு இல்லாவிட்டால் மூன்று பொருளுக்கு மூன்று சீட்டு தரலாம். 'ஒரு பரிவர்த்தனைக்கு ஒன்று' என்றால் முழு பில்லுக்கும் ஒன்றே. எந்த அளவுப் பொட்டலம், எந்த நாள் வரை என்பதும் அங்கேயே இருக்கும். சிறு தொகைக் கூப்பனை இரட்டிப்பாக்கித் தரும் கடைகளும் சில உள்ளன.