எடை குறைப்பு ஆபரேஷனின் 70 ஆண்டு கதை: முதல் வருடக் கணக்கும் பத்தாம் வருடக் கணக்கும்

1.
எடை குறைப்பு ஆபரேஷன் பத்தி நம்ம ஊர்ல ரெண்டு கருத்துதான் அதிகம் ஓடுது. "பண்ணிட்டா போதும், அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்க கவலை இல்லை" என்பது ஒன்று. "பண்ணவே கூடாது, எப்படியும் எடை திரும்ப வந்துடும்" என்பது இன்னொன்று. ரெண்டுமே சரியில்லை. ஏன் சரியில்லைன்னு இந்த ஆபரேஷனோட வரலாறே சொல்லுது. நீளமான இழை. பொறுமையா படிங்க.

2.
1950களின் தொடக்கம். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம். அர்னால்ட் கிரெமன், ஜான் லின்னர் உள்ளிட்ட அறுவை சிகிச்சை நிபுணர்கள் நாய்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். சிறுகுடலின் எந்தப் பகுதியை எடுத்தா உடம்புக்கு எந்தச் சத்து கிடைக்காமப் போகுது என்பதுதான் கேள்வி. குடலின் பின்பகுதியை எடுத்தபோது கொழுப்பு சரியாக உறிஞ்சப்படவில்லை, எடையும் இறங்கியது. ஆய்வு 1954ல் வெளியானது.

3.
இதுலேர்ந்து ஒரு யோசனை பிறந்தது. நம்ம சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம். சாப்பிட்ட சத்தெல்லாம் அந்த நீளம் முழுக்கப் பயணம் செய்யும்போதுதான் உடம்புக்குள் போகுது. அந்தப் பாதையைச் சுருக்கிட்டா? எவ்வளவு சாப்பிட்டாலும் பாதி வெளியே போயிடுமே! கேட்க ரொம்ப எளிமையான கணக்கு.

4.
லாஸ் ஏஞ்சலிஸில் ஹோவர்ட் பெய்ன், லோரன் டிவிண்ட் என்ற இரு மருத்துவர்கள் 1956லிருந்து ஒரு சிறு குழுவுக்கு இதைச் செய்தார்கள். சிறுகுடலின் தொடக்கப் பகுதியை எடுத்து நேராகப் பெருங்குடலோடு இணைத்துவிட்டார்கள். எடை மளமளவென இறங்கியது. கூடவே நிற்காத வயிற்றுப்போக்கு, உப்புச்சத்துக் குறைவு, கல்லீரல் பாதிப்பு. வேற வழியில்லாம குடலைப் பழையபடி இணைக்க வேண்டி வந்தது.

5.
இணைத்த பிறகு என்ன நடந்தது? இறங்கின எடை ஏறிப் பழைய இடத்துக்கே வந்துடுச்சு. 1963ல் இதை அவங்களே வெளியிட்டாங்க. இந்த இடத்தைக் குறிச்சு வெச்சுக்கோங்க. தன் பழைய எடை எதுன்னு உடம்புக்குத் தெரியும், வழி கிடைச்சா அங்கேயே திரும்பப் போகும். இதற்கான காரணம் புரிய இன்னும் 40 வருஷம் ஆச்சு.

6.
அவர்கள் விடவில்லை. 1969ல் திருத்திய வடிவம் வந்தது. சிறுகுடலின் முன்பகுதியில் 14 அங்குலம், கடைசியில் 4 அங்குலம். மொத்தம் ஒன்றரை அடிதான் உணவுப் பாதை. மீதி எல்லாம் சும்மா கிடக்கும். 1960களிலும் 70களிலும் ஆயிரக்கணக்கானோர் இதைச் செய்துகொண்டார்கள். முதல் வருட முடிவைப் பார்த்தவர்களுக்கு இது அற்புதமாகத் தெரிந்தது.

7.
வருடங்கள் போகப் போக உண்மை தெரிந்தது. சும்மா கிடந்த குடலில் பாக்டீரியா பெருகியது. மூட்டு வீக்கம் வந்தது. ஆக்ஸலேட் உப்பு அதிகமாகிச் சிறுநீரகக் கல் வந்தது. சிலருக்குக் கல்லீரலே செயலிழந்தது. 1980 வாக்கில் இந்த முறையைக் கைவிட்டார்கள். ஏற்கனவே செய்துகொண்டவர்களில் பலருக்கு மறுபடி ஆபரேஷன் செய்து குடலைச் சரி செய்ய வேண்டியிருந்தது.

8.
இதே காலத்தில் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற நிபுணர் வேறொன்றைக் கவனித்தார். அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்த பெண்கள் அதுக்கப்புறம் எடையே போடவில்லை. அப்படின்னா குடலை ஏன் தொடணும், இரைப்பையைச் சின்னதாக்கினால் போதாதா? 1967ல் சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து கேஸ்ட்ரிக் பைபாஸ் முறையை வெளியிட்டார். மேல் இரைப்பையில் ஒரு சிறு பை, அதிலிருந்து நேராகச் சிறுகுடலுக்கு வழி. 1977ல் கென்டக்கியின் வார்டு கிரிஃபன் குழு அந்த இணைப்பை மாற்றி அமைத்தது. இன்றைக்குச் செய்யப்படும் பைபாஸின் அடிப்படை அதுதான்.

9.
மேசன் அதோடு நிற்கவில்லை. இன்னும் எளிமையா, குடலைத் தொடாமலே செய்யலாம்னு 1980களின் தொடக்கத்தில் இரைப்பையைத் தைத்து, வாய்ப்பகுதியில் ஒரு பட்டை போடும் முறையைக் கொண்டுவந்தார். சோறு, ரொட்டி எல்லாம் அந்தக் குறுகிய வழியில் மெதுவாகத்தான் இறங்கும். ஆனா ஐஸ்க்ரீம், மில்க்ஷேக், உருகின சாக்லேட்? தடையே இல்லாம இறங்கிடும். ஆபரேஷனுக்குப் பிறகு பலர் அறியாமலே மென்மையான இனிப்பு உணவுக்கு மாறினார்கள். எடை திரும்ப ஏறியது.

10.
இது அவங்க "கட்டுப்பாடு இல்லாத" ஆட்கள் என்பதால் இல்லை. திட உணவு சாப்பிட்டா நெஞ்சை அடைக்குது, வாந்தி வருது. கஷ்டமில்லாம எது இறங்குதோ அதைத்தானே யாரும் சாப்பிடுவாங்க? நம்ம ஊர்க் கணக்கில் சொன்னா, கறியும் சுண்டலும் கஷ்டம். பாயசமும் ஜூஸும் பிஸ்கட் ஊறவெச்ச டீயும் சுலபம். ஆபரேஷனே ஒருத்தரைத் தப்பான உணவு பக்கம் தள்ள முடியும் என்பது அந்தக் காலத்தின் பாடம்.

11.
1993ல் பெல்ஜியத்தில் லேப்ராஸ்கோப்பி மூலம் பேண்ட் போடும் முறை வந்தது. இரைப்பையைச் சுற்றி ஒரு சிலிக்கான் வளையம், வேண்டியபோது இறுக்கலாம், தளர்த்தலாம். வெட்டு இல்லை, கழற்றிவிடலாம். விளம்பரத்துக்கு இதைவிட வேற என்ன வேணும்? 2001ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2011ல் அங்கே நடந்த எடை குறைப்பு ஆபரேஷன்களில் மூன்றில் ஒன்று பேண்ட். 2019ல் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. வளையம் நழுவுவது, இரைப்பைச் சுவரை அரிப்பது, எடை போதுமான அளவு குறையாதது என்று ஒவ்வொன்றாக வெளியே வந்ததே காரணம்.

12.
ஒரே கதை மூணு தடவை நடந்திருக்கு, கவனிச்சீங்களா? முதல் வருடம் கைதட்டல். பத்தாம் வருடம் கழற்றல். அப்படின்னா நாம கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை கிலோ குறையும்?" இல்லை. "பத்து வருஷம் கழிச்சு எத்தனை கிலோ குறைஞ்சிருக்கும்?" என்பதுதான்.

13.
இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டது ஸ்வீடன். 1987ல் லார்ஸ் ஷோஸ்ட்ரோம் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. உடல் பருமன் உள்ள 4,047 பேர். 2,010 பேர் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். 2,037 பேர் வழக்கமான சிகிச்சை மட்டும். பத்து, பதினைந்து, இருபது வருஷம் என்று பின்தொடர்ந்தார்கள். எடை குறைப்பு மருத்துவத்தில் நமக்குத் தெரிந்த பல உண்மைகள் இந்தப் பொறுமையால் கிடைத்தவை.

14.
முடிவு என்ன? கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக 32% எடை குறைந்தார்கள். பத்தாம் வருடத்தில் அது 25%. மேசனின் பட்டை முறையில் 25% என்பது 16% ஆனது. பேண்டில் 20% என்பது 14% ஆனது. ஆபரேஷன் செய்யாதவர்களின் எடை 2%க்கு மேல் அசையவே இல்லை.

15.
கிலோவில் சொல்றேன். 120 கிலோ எடையுள்ள ஒருவர் பைபாஸ் செய்கிறார்னு வைப்போம். ரெண்டாம் வருடம் சுமார் 82 கிலோ. பத்தாம் வருடம் சுமார் 90 கிலோ. 8 கிலோ திரும்ப ஏறியிருக்கு. அவர் தோற்றுட்டாரா? இல்லவே இல்லை. பத்து வருஷமா 30 கிலோவை உடம்பிலிருந்து இறக்கி வெச்சிருக்கார். கொஞ்சம் ஏறுவது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. அதுக்காக வெட்கப்பட்டு டாக்டர் கிட்ட போகாம இருக்கறதுதான் ஆபத்து.

16.
உயிர்க் கணக்கும் பார்க்கணும். 2007ல் வெளியான முடிவின்படி, சுமார் 11 ஆண்டுகளில் ஆபரேஷன் செய்யாத குழுவில் 129 பேர் இறந்திருந்தார்கள், செய்துகொண்ட குழுவில் 101 பேர். ஆபரேஷன் குழுவில் முதல் 90 நாளில் இறந்தவர்கள் 5 பேர். ஆபத்தே இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பலனே இல்லைன்னு சொன்னாலும் நம்பாதீங்க. 2020ல் வந்த கணக்கில் ஆபரேஷன் குழுவின் ஆயுள் மற்ற குழுவைவிட சராசரியாக 3 ஆண்டுகள் அதிகம். ஆனாலும் பொதுமக்களின் சராசரி ஆயுளை அது எட்டவில்லை.

17.
சர்க்கரை நோய் கதை இன்னும் சுவாரசியம். 1995ல் அமெரிக்காவின் வால்டர் போரிஸ் தன்னிடம் பைபாஸ் செய்துகொண்ட 608 பேரின் 14 ஆண்டுக் கணக்கை வெளியிட்டார். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்த 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை அளவு இயல்புக்கு வந்திருந்தது. பலருக்கு எடை குறையும் முன்பே, ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கியது! அப்படின்னா இது வயிற்றைச் சின்னதாக்கும் வேலை மட்டும் இல்லை, வேறு ஏதோ நடக்குது.

18.
அந்த 'ஏதோ'வுக்கு விடை ஹார்மோன்கள். 1999ல் ஜப்பானில் கிரெலின் என்ற பசி ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டது. டயட்டில் எடை குறைத்தவர்களுக்கு அந்தக் கிரெலின் ஏறுது, பைபாஸ் செய்தவர்களுக்கு ஏறவில்லைன்னு 2002ல் ஓர் ஆய்வு காட்டியது. பட்டினி கிடந்து எடை குறைத்தவருக்கு ஏன் பசி கூடுதுன்னு இப்போ புரியுதா? உடம்பு பழைய எடைக்கு இழுக்குது. லாஸ் ஏஞ்சலிஸில் குடலைத் திரும்ப இணைத்தவர்களுக்கு நடந்ததும் இந்த இழுப்புதான். பைபாஸ் அந்த இழுப்பைத் தளர்த்துது. முழுசா அறுக்கறதில்லை.

19.
இப்போ உலகில் அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ். இது தற்செயலாக வந்தது. 2000 வாக்கில் நியூயார்க்கில் மிஷேல் காக்னே, மிக அதிக எடை உள்ளவர்களுக்குப் பெரிய ஆபரேஷனை ஒரே நாளில் செய்வது ஆபத்து என்று இரண்டாகப் பிரித்தார். முதல் கட்டத்தில் இரைப்பையின் முக்கால் பகுதியை எடுத்து ஒரு குழாய் போல ஆக்குவது. சிலருக்கு அதிலேயே நல்ல எடை குறைந்ததால் இரண்டாம் கட்டம் தேவைப்படவில்லை. முதல் கட்டமே தனி ஆபரேஷனாக ஆனது.

20.
ஸ்லீவுக்கும் பத்தாம் வருடக் கணக்கு வந்தாச்சு. ஃபின்லாந்தில் 240 பேரை வைத்து நடந்த ஆய்வில், பத்து ஆண்டு கழித்து எடை குறைப்பில் பைபாஸ் கொஞ்சம் மேலே. உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ் செய்தவர்களில் 31%, பைபாஸில் 7%. ஏற்கனவே நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்கள் இதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லணும். எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்க முடியாது.

21.
யாருக்கு இந்த ஆபரேஷன்? 1991ல் அமெரிக்காவில் வகுத்த அளவு பிஎம்ஐ 40, கூடவே நோய்கள் இருந்தால் 35. 2022ல் சர்வதேச அமைப்புகள் இதைத் திருத்தின: 35 இருந்தாலே பரிந்துரைக்கலாம், சர்க்கரை போன்ற நோய்கள் இருந்தால் 30லேயே யோசிக்கலாம். ஆசியர்களுக்கு 27.5லிருந்தே. நமக்கு ஏன் குறைவு? அதே எடையில் நமக்கு வயிற்றுக் கொழுப்பு அதிகம், சர்க்கரை நோயும் சீக்கிரம் வருது. இது அழகுக்காகச் செய்யும் ஆபரேஷன் இல்லை என்பதும் இதிலேயே அடக்கம்.

22.
இந்த 70 ஆண்டு அனுபவத்திலிருந்து, செய்துகொண்டவர்களுக்குச் சில விஷயங்கள்:

புரதம் முதலில். தட்டில் முட்டை, மீன், கோழி, பருப்பு, பன்னீர், சுண்டல் இதைச் சாப்பிட்ட பிறகுதான் சோறு, இட்லி. மென்று மெதுவா சாப்பிடுங்க. ஜூஸ், பாயசம், இனிப்பு டீ, மிக்சர் இவைதான் எடை திரும்ப வரும் கதவு.

23.
பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க. "நல்லாத்தானே இருக்கேன்"னு ரெண்டாம் வருடம் நிறுத்துபவர்கள்தான் சில வருடம் கழித்து ரத்தசோகை, கால் மரத்துப்போதல் என்று வருவார்கள். முதல் வருடம் டாக்டர் சொன்ன இடைவெளியில், அப்புறம் வருடம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை. தொடர் வாந்தி இருந்தால் காத்திருக்காதீங்க. தயமின் குறைந்தால் மூளையே பாதிக்கும்.

24.
மது: பைபாஸுக்குப் பிறகு கொஞ்சம் குடித்தாலே வேகமாக ஏறும், அடிமையாகும் அபாயமும் கூடும். கர்ப்பம்: குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் ஒன்றரை வருடம் தள்ளிப்போடுங்க. எடை ஏறத் தொடங்கினால் 3 கிலோவிலேயே வாங்க, 20 கிலோ ஏறும்வரை ஒளியாதீங்க. உணவுத் திருத்தம், உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மருந்து என்று வழிகள் இருக்கு.

25.
"இப்போதான் ஊசி வந்துடுச்சே, ஆபரேஷன் எதுக்கு?"ன்னு கேட்பீங்க. செமாக்ளுடைடு நல்ல மருந்துதான். ஆனா அதை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்தபோது, ஒரே வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்திருந்தது. குடலைத் திரும்ப இணைத்தபோது 1963ல் பார்த்த அதே விஷயம். உடல் பருமன் ஒரு நாள்பட்ட நோய். பிபி, சர்க்கரைக்கு எப்படித் தொடர் கவனிப்போ அப்படித்தான் இதுக்கும்.

26.
அதனால ஆபரேஷனுக்குப் போகும் முன் உங்க டாக்டர் கிட்ட மூணு கேள்வி கேளுங்க. எனக்கு ஏன் இந்த முறை, வேறு முறை ஏன் இல்லை? இங்கே செய்துகொண்டவர்கள் ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்காங்க? ஆபரேஷன் முடிந்த பிறகு என்னை யார், எத்தனை வருடம் பார்ப்பாங்க? மூணாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லைன்னா, விளம்பரத்தில் எவ்வளவு அழகான "முன் - பின்" போட்டோ இருந்தாலும் இன்னொரு இடத்தில் கேட்டுப் பாருங்க. அந்தப் போட்டோ எல்லாம் முதல் வருடத்தில் எடுத்தது. நீங்க வாழப்போறது அதுக்கப்புறம் வரும் வருடங்களில்.