ரெண்டு வரிசை ரேடியேட்டர்

"அங்கிள், பெரிய ரேடியேட்டர் போட்டா காடி இன்னும் வேகமா போகுமா?"

கோலாலம்பூரின் சாலாக் செலாத்தானில் நாற்பது வருடம் ரேடியேட்டர் பட்டறையில் நின்றவன் நான். இந்தக் கேள்வியைக் கேட்காத பையன் கிடையாது. கேட்டவர்களின் காடிதான் மாறிக்கொண்டே வந்தது. முதலில் டட்சன் 120ஒய், பிறகு புரோட்டோன் சாகா, பிறகு வீரா, இப்போது மைவி. "போகாது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ரெண்டு வரிசை கோர் போட்டுக் கொடுத்துக் காசும் வாங்கியிருக்கிறேன். இரண்டிலும் பொய் இல்லை. எப்படி என்று சொல்ல வேண்டுமானால் ஈயத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1976-ல் எல்.சி.இ. தேர்வில் தோற்றுப்போனதும் அப்பா என்னைக் கொண்டுவந்து விட்ட இடம் அந்தப் பட்டறை. தவுக்கே, அதாவது முதலாளி, சீனர், கண்டனீஸ் பேசுபவர். எனக்குத் தெரிந்தது தமிழும் பாசார் மலாயும். மூன்றாவது நாளே கையில் பற்றிரும்பைக் கொடுத்துவிட்டார். ஊர்க்காரர்கள் எங்களைப் 'பொமேன்' என்பார்கள். போர்மேன் என்ற ஆங்கிலச் சொல் மலாயில் அப்படித் தேய்ந்து, காடி பழுது பார்க்கிற எல்லோருக்கும் பட்டமாகிவிட்டது. உண்மையில் நான் பொமேன்கூட இல்லை. எஞ்சினைத் தொட மாட்டேன். ரேடியேட்டர் மட்டும்தான்.

வேலை இதுதான். பித்தளைத் தொட்டியைச் சூடு காட்டிக் கழற்ற வேண்டும். உள்ளே தட்டையான பித்தளைக் குழாய்கள் வரிசையாக நிற்கும், நடுவில் செப்புத் தகடு மடிப்பு மடிப்பாக. இதைத்தான் கோர் என்போம். குழாயில் படிந்த சுண்ணாம்பையும் துருவையும் மெல்லிய இரும்புப் பட்டையை விட்டுக் குத்தி எடுக்க வேண்டும். பிறகு தொட்டியைத் திரும்பப் பற்றவைத்து, வாய்களை அடைத்து, காற்று ஏற்றித் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். அந்த இடத்தில் திராவகம் தடவி மறுபடி ஈயம். வெள்ளீயமும் காரீயமும் கலந்த கம்பி அது. காரீயம்தான் அதிகம். அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டேதான் பகல் சாப்பாட்டையும் சாப்பிட்டோம். அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்த வெள்ளீயம் எங்கள் காலடியிலிருந்து வந்த பொருள். 1857-ல் கிள்ளான் ஆற்று வழியாக அம்பாங் பக்கம் வந்த 87 சீனத் தொழிலாளர்கள் தேடியது ஈயத்தைத்தான். கோலாலம்பூர் என்ற ஊரே அதற்குப் பிறகு பிறந்ததுதான். சாலாக் செலாத்தானும் பக்கத்துச் சுங்கை பீசியும் ஈய மண். மலாயா அவசரகாலத்தில், 1950-ல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரக் குடும்பங்களைக் கொண்டுவந்து புதுக்கிராமங்களில் வேலி போட்டு வைத்தார்களே, எங்கள் ஊரிலும் அப்படி ஒன்று உண்டு. தவுக்கேயின் மைத்துனர் அந்த வேலிக்குள் வளர்ந்தவர், சுரங்கத்தில் பம்பு ஓட்டியவர். ஒரு குடும்பத்தில் ஒருவர் ஈயத்தைத் தோண்டினார், இன்னொருவர் அதை உருக்கி ஓட்டை அடைத்தார்.

எங்கள் வீட்டிலும் ஈயம் இருந்தது. பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த ஈயச்சொம்பு. ரசம் அதில்தான். "புளித்தண்ணி ஊத்தாம அடுப்புல வெச்சியானா, சொம்பு அடுப்புக்குள்ள ஓடிரும்" என்று அம்மாவை அதட்டிக்கொண்டே இருப்பார். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், அடுப்பு நெருப்போ அதைவிட எவ்வளவோ சூடு. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சொம்பு நூறு டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. எஞ்சினும் அதே கணக்குதான் என்பது பட்டறைக்கு வந்து ஆறு மாதம் கழித்து ஒரு நாள் உறைத்தது. பெட்ரோல் எரிகிற சூட்டில் இரும்பும் அலுமினியமும் நிற்பது சுற்றி ஓடும் தண்ணீரால். அந்தத் தண்ணீரை ஆற்றிக் கொடுப்பதுதான் ரேடியேட்டரின் வேலை.

இப்போது மலைக்கு வருகிறேன், ஏனென்றால் பெரிய ரேடியேட்டர் வேகம் தரும் என்ற நம்பிக்கை பிறந்த இடம் மலை.

கிழக்குக் கரைக்குப் போக அப்போது கோம்பாக் வழியாகப் பெந்தோங் போகும் பழைய சாலைதான். வளைவுக்கு மேல் வளைவு. காராக் நெடுஞ்சாலையும் கெந்திங் செம்பாவில் சுரங்கப்பாதையும் எழுபதுகளின் கடைசியில்தான் வந்தன. அதற்கு முன்பே, 1971-ல், கெந்திங் மலையுச்சியில் முதல் ஹோட்டல் திறந்தாகிவிட்டது. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். ஞாயிற்றுக்கிழமை ஏறினால் வழி நெடுக பானெட் திறந்து நிற்கும் காடிகள், ஆவி, தண்ணீர் டின்னோடு அப்பாக்கள். திங்கட்கிழமை காலையில் அந்தக் காடிகளெல்லாம் எங்கள் பட்டறை வாசலில் நிற்கும்.

உயரம் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். அந்த உச்சியில் திறந்த பாத்திரத்தில் 94 டிகிரிக்கே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் கதை வேறு. 0.9 என்று எண் போட்ட நல்ல மூடி, சமதரையில் தண்ணீரை 118 டிகிரி வரை கொதிக்க விடாது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு மொத்தமும் போச்சு. மலையில் நின்ற காடிகளில் பாதிக்கு மூடிதான் நோய் என்பது என் கணக்கு. மீதிக்குக் குழாய் அடைப்பு. வழியில் கிடைத்த ஓடைத் தண்ணீரையெல்லாம் ஊற்றினால் அடைக்காமல் என்ன செய்யும்?

ஆனால் மூடியை மாற்று என்றால் யாருக்கும் திருப்தி இல்லை. சில வெள்ளிக்கு வரும் சாமான் மேல் மரியாதை வராது. "ரெண்டு வரிசை போடு தவுக்கே" என்பார்கள். ஒரு வரிசைக் குழாய் இருந்த இடத்தில் இரண்டு வரிசை உள்ள புதுக் கோர், புது மூடி. அடுத்த ஞாயிறு காடி நிற்காமல் மலையேறும். முன்பு நின்று நின்று போன வண்டி இப்போது நிற்காமல் போனால் சக்தி கூடிவிட்டது என்றுதானே தோன்றும்? அடைத்துக் கிடந்த பழசு போய்ச் சுத்தமான புதுசு வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. நாங்களும் விளக்கவில்லை. வாடகை கட்ட வேண்டுமே.

எஞ்சினுக்குள் தெர்மோஸ்டேட் என்ற சின்ன வால்வு இருக்கிறது. 82 டிகிரியோ 88 டிகிரியோ வரும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாது. சூட்டை அந்த இடத்தில் நிறுத்தி வைப்பது அதுதான். ஆகவே சரியாக ஓடுகிற காடிக்கு மூன்று வரிசை போட்டாலும் முள் அதே இடத்தில் நிற்கும், சக்தி ஒரு குதிரைகூட ஏறாது. எங்கள் ஊர்ப் பொமேன்கள் பலர் இதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: "இது குளிர் நாட்டுக்காரன் வெச்சது, நமக்கு எதுக்கு" என்று தெர்மோஸ்டேட்டையே பிடுங்கி எறிந்தார்கள். விளைவு, எஞ்சின் சூடேறவே நேரம் பிடிக்கும், பெட்ரோலைக் கூடக் குடிக்கும், எண்ணெய்க்குள் கசடு சேரும். நானும் எத்தனையோ பிடுங்கியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கம்தான்.

பெரிய ரேடியேட்டரால் வேகம் வந்த கதையும் உண்டு. 1901 மெர்சிடிஸ் காடிக்கு வில்ஹெல்ம் மைபாக் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் செய்தார், 8,070 சின்னக் குழாய்கள். 35 குதிரை சக்தி எஞ்சினைச் சளைக்காமல் ஓட்ட முடிந்ததற்கு அதுவும் காரணம். எங்கள் தெருவில் அந்தக் கதை தொண்ணூறுகளில் திரும்ப நடந்தது. ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்த காடிகள் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் கொள்கலனாக இறங்கின. ஹாஃப் கட் என்போம். பையன்கள் அதிலிருந்து 1.8 டர்போ எஞ்சினை எடுத்து, 1.3 எஞ்சின் இருந்த சாகாவுக்குள் திணித்தார்கள். எரிகிற பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடாகத் தண்ணீருக்குத்தான் போகிறது. சக்தி இரண்டு மடங்கைத் தாண்டினால் சூடும் தாண்டும். பழைய ரேடியேட்டரால் எப்படி முடியும்? அங்கே ரெண்டு வரிசை கட்டாயம். அந்தப் பையன்கள் கேட்டபோது மட்டும் நான் தயங்கியதில்லை.

சாகா வந்த வருடத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. 1985 ஜூலையில் ஷா ஆலாமில் முதல் சாகா வெளிவந்தது. பட்டறை வானொலியில் கேட்டோம், தவுக்கே எல்லோருக்கும் கோப்பி வாங்கினார். இனி வீட்டுக்கு வீடு காடி, காடிக்குக் காடி ரேடியேட்டர். மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 24, லண்டனில் உலக ஈய மன்றம் காசில்லாமல் கைவிரிக்க, ஈய வியாபாரம் நின்றது. விலை ஏறக்குறைய பாதியானது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. தவுக்கேயின் மைத்துனருக்கு வேலை போய் எங்கள் பட்டறையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்து உட்கார்ந்தார். பற்றவைக்கும் கம்பி மலிவானது என்று தவுக்கே சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டதை நான் பார்த்தேன். சுங்கை பீசியின் அந்தப் பெரிய சுரங்கப் பள்ளம் இன்று ஏரி, கரையில் ஹோட்டலும் பேரங்காடியும்.

எங்கள் முறை மெதுவாக வந்தது. அலுமினியக் கோர், பிளாஸ்டிக் தொட்டி. அலுமினியம் செம்பைவிடக் குறைவாகத்தான் சூட்டைக் கடத்தும். ஆனால் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, குழாயை அகலமாகச் செய்யலாம், குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே சூட்டை மறிக்கிற ஈயம் கிடையாது. தொழிற்சாலையில் உலைக்குள் வைத்து ஒரே பிடியாக ஒட்டிவிடுகிறார்கள். பிளாஸ்டிக் விரிசல் விட்டால் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு. பற்றவைக்க அதில் ஒன்றும் இல்லை. செப்புக் கோர்களைப் பழைய சாமான்காரர் கிலோ கணக்கில் வாங்கிப் போனார்.

பட்டறையை விட்டு வரும்போது ஒரு பற்றிரும்பும் அரை முழம் கம்பியும் எடுத்து வந்தேன். போன தீபாவளிக்குப் பாட்டியின் சொம்பை மருமகள் பரணிலிருந்து இறக்கினாள். அடியில் ஊசிமுனை ஓட்டை. "மாமா, உங்களுக்குத்தான் இந்த வேலை தெரியுமே, அடைச்சுத் தாங்க, ரசம் வைக்கணும்" என்றாள். கம்பியைக் கையில் எடுத்துவிட்டேன். பாதிக்கு மேல் காரீயம். திரும்ப டப்பாவில் போட்டுவிட்டு, "எவர்சில்வர்ல வையம்மா" என்றேன்.