பிரைட்டன்: மருந்தாக விற்ற கடல்

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் நகரத்தை உருவாக்கியவர் நான்காம் ஜார்ஜ் என்பது பரவலான கூற்று. இளவரசராக அவர் முதன்முதலில் அங்கு வந்தது 1783-இல். அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே அந்த ஊர் கடலை விற்கத் தொடங்கிவிட்டது. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், இளவரசரின் அரண்மனைக்கு முன்னால் ஒரு மருத்துவரின் வீடு நிற்கிறது.

அப்போது ஊரின் பெயர் பிரைட்டெல்ம்ஸ்டன். மீன்பிடித்துப் பிழைத்த ஊர். 1703, 1705 புயல்களில் பாறைச்சரிவின் கீழிருந்த குடியிருப்பு அழிந்தது. நலிந்து கிடந்த அந்த ஊருக்கு வாழ்வு தந்தவர் பக்கத்து ஊரான லூயிஸின் மருத்துவர் ரிச்சர்ட் ரஸ்ஸல். சுரப்பி நோய்களுக்குக் கடல்நீரே மருந்து என்று 1750-இல் லத்தீனில் நூல் எழுதினார். குளிக்க மட்டுமல்ல, குடிக்கவும் சொன்னார். 1753-இல் ஸ்டெய்ன் திடலருகே வீடு கட்டிக் குடியேறினார். மீனவர்கள் வலை காயப்போட்டு வந்த அந்தத் திடல் பின்னர் வேலி போட்டு, சீமான்கள் உலாவும் இடமாயிற்று. ஊர் வளர்ந்த கதையில் இந்த வேலியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

குளியலும் தொழிலாயிற்று. சக்கரம் பூட்டிய மரக்கூண்டில் நோயாளியைக் கடலுக்குள் கொண்டுபோய், முக்கி எடுக்க ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் பெயர்பெற்றவர் 1815-இல் இறந்த மார்த்தா கன்.

இளவரசருக்காக ஹென்றி ஹாலண்ட் 1787-இல் கட்டிய மாளிகையை, 1815 முதல் ஜான் நாஷ் மாற்றியமைத்தார். வெளியே இந்தியக் குவிமாடங்கள், உள்ளே சீன அலங்காரம். நாஷ் இந்தியாவைக் கண்ணால் கண்டவரல்லர்.

கண்டவர் ஒருவர் அதே ஊரில் கடை விரித்திருந்தார். பாட்னாவில் 1759-இல் பிறந்த ஷேக் தீன் முகமது, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தவர்; 1794-இல் ஆங்கிலத்தில் பயணநூல் வெளியிட்டவர். 1814-இல் பிரைட்டன் வந்து மூலிகை நீராவிக் குளியல் நடத்தினார். துணிக்கூடாரத்தின் துளைகள் வழியே கைகளை நுழைத்து உடம்பைப் பிடித்துவிடுவார். 'ஷாம்பூ' என்பதற்கு அன்று அதுதான் பொருள். தலைக்குத் தேய்க்கும் நுரை பிற்காலத்தது. குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்களை அங்கே மாட்டிவைத்திருந்தார்களாம். நம் கோயில்களின் கண்மலர், கைகால் காணிக்கைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. நான்காம் ஜார்ஜும் அடுத்த மன்னர் நான்காம் வில்லியமும் அவரிடம் சிகிச்சை பெற்றனர்.

1841-இல் லண்டனிலிருந்து ரயில் வந்தது. சீமான்களின் மருந்து ஏழைகளின் ஒருநாள் உல்லாசமானது. 1801-இல் சுமார் 7,000 பேர் இருந்த ஊரில் 1851-இல் சுமார் 65,000 பேர். கூட்டம் பிடிக்காத விக்டோரியா ராணி 1850-இல் மாளிகையை நகரத்துக்கே விற்றுவிட்டார். கடலுக்குள் நீண்ட பொழுதுபோக்குப் பாலங்களும், 1883-இல் மின்ரயிலும் வந்தன.

ஆனால் மருத்துவம் ஊரை முற்றிலும் விட்டுவிடவில்லை. 1914-இல் அதே மாளிகை, முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனையானது. நாஷின் குவிமாடங்களின் கீழே இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள் வைக்கப்பட்டன. பிரைட்டனில் இறந்த இந்து, சீக்கிய வீரர்களில் 53 பேருடைய உடல்கள் ஊருக்கு வெளியே குன்றின்மேல் எரியூட்டப்பட்டன. 1921-இல் அங்கே 'சத்ரி' என்னும் வெண்பளிங்கு நினைவிடம் எழுந்தது. அவர்களின் சாம்பலைக் கடலில் கரைத்தார்கள்.