வெள்ளவத்தையில் நெருடா

ஒவ்வோர் ஊருக்கும் 'இங்கே இன்னார் வாழ்ந்தார்' என்று சொல்லிக்கொள்ளச் சில பெயர்கள் உண்டு. கொட்டாஞ்சேனையில் கேட்டால், அங்குள்ள விகாரையில் வாழ்ந்தவரும் 1873இல் பாணந்துறை விவாதத்தில் பௌத்தர் பக்கம் நின்று வாதிட்டவருமான மிகெட்டுவத்தே குணானந்த தேரரைச் சொல்வார்கள். வெள்ளவத்தைக்கு நான் பெருமையோடு சொல்லிவந்த பெயர் பாப்லோ நெருடா.

1904இல் சிலியில் பிறந்து, 1971இல் நோபல் பரிசு பெற்ற மகாகவி அவர். அந்தப் புகழெல்லாம் வருவதற்கு முன்னர், இரங்கூனில் பணியாற்றிவிட்டு, 1929இல் தம் நாட்டுத் துணைத்தூதராகக் கொழும்பில் இருந்தார். வெள்ளவத்தைக் கடலோரத்தில் சிறிய வீடொன்றில் தங்கினார். அலுவல் குறைவு, தனிமை அதிகம். ஆங்கிலேய துரைமாரின் கூட்டம் அவருக்கு ஒட்டவில்லை. கிரியா என்ற வளர்ப்புக் கீரியும், பியானோக் கலைஞரும் புகைப்படக் கலைஞருமான லயனல் வென்ட்டின் நட்பும், அவர் கொடுத்த புத்தகங்களுமே துணை. 1930இல் பத்தாவியாவுக்கு மாற்றலாகிப் போனார். 1933இல் வெளிவந்து அவரை உலகறியச் செய்த தொகுதியில் இக்காலத்துக் கவிதைகளும் உண்டு.

இதுவரைதான் நான் வகுப்பிற் சொல்வது வழக்கம். ஆனால் நெருடாவே எழுதிவைத்த இன்னொரு பக்கமும் உண்டு. அவர் 1973இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அவருடைய வாழ்க்கை நினைவுகள் நூலாக வந்தன.

வெள்ளவத்தை வீட்டில் இருந்தது வாளிக் கக்கூஸ். நாள்தோறும் வாளி எப்படிச் சுத்தமாகிறது என்பது அவருக்குப் புதிராக இருந்தது. ஒருநாள் காலையில் கண்டுகொண்டார். தமிழ்ப்பெண் ஒருத்தி, தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட சாதியினள், வாளியைத் தலையிற் சுமந்து போனாள். கூப்பிட்டார், அவள் திரும்பவில்லை. பரிசுப் பொருட்களை வழியில் வைத்தார், தொடவில்லை. ஒரு காலை அவளுடைய கையைப் பற்றி அறைக்குள் அழைத்துப் போனார். அவள் கண்ணை மூடாமல், சலனமின்றி, சிலைபோல் இருந்தாள் என்கிறார். தம்மை அவள் வெறுத்தது நியாயமே என்றும் எழுதுகிறார். வல்லுறவு என்ற சொல்லை அவர் எழுதவில்லை. நடந்ததற்கு வேறு பெயருமில்லை.

2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெருடாவின் பெயரைச் சூட்ட முனைந்தபோது, இந்தப் பக்கத்தை எடுத்துக்காட்டியே சிலி நாட்டுப் பெண்கள் எதிர்த்தனர். 2021இல் நம் நாட்டு நெறியாளர் அசோக ஹந்தகம இதைத் திரைப்படமாக்கினார்.

நானும் ஒருநாள் இதை வகுப்பிற் சொன்னேன். முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "சேர், அவவின்ர பேர் என்ன?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. பெயரை நெருடா எழுதவில்லை. நகரசுத்தி வேலைக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எத்தனையோ பேரின் பெயரை நாமும் எழுதிவைக்கவில்லை. அந்தப் பெண் பேசியது நான் கற்பிக்கும் இதே தமிழ். 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருப்பதும் அதே வெள்ளவத்தையில்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பாடம் முழுவதும் நான் கவிஞரை 'அவர்' என்றும், அந்தப் பெண்ணை 'அவள்' என்றும் சொல்லியிருந்தேன். மாணவி 'அவ' என்று மரியாதையாகக் கேட்டாள்.

நெருடாவின் கவிதைகளை இன்றும் கற்பிக்கிறேன். அவற்றின் அழகு குறைந்துவிடவில்லை. ஆனால் வெள்ளவத்தையைச் சொல்லும்போது இருவரையும் சொல்கிறேன். இருவரும் எனக்கு இப்போது 'அவர்' தான்.