எழுத்தின் பெயரும் குறியீட்டின் ஒலியும்

ஓர் எழுத்தைச் சொல்லில் ஆள்வது வேறு. அவ்வெழுத்தையே சுட்டிப் பெயர் சொல்வது வேறு. இதனை நன்கு உணர்ந்த தொல்காப்பியர் கரம், காரம், கான் என்னும் எழுத்துச் சாரியைகளுக்கு விதி வகுத்தார். கரம் நெட்டெழுத்தோடு வாராது. ஆதலின் ‘அகரம்’ எனக் கேட்ட மாணாக்கர் ஏட்டைப் பாராமலே அது குறில் என்று அறிந்தனர்.

கணினி நிரல்மொழிகளுக்கு இத்தகைய விதி அமையவில்லை. 1960 ஜனவரியில் பாரிசில் கூடிய அறிஞர்கள் வகுத்த அல்கோல் 60 மொழியின் அறிக்கை, அம்மொழிக்கு மூன்று எழுத்துநிலைகளைக் கூறுகிறது: வரையறைக்குரியது, அச்சுக்குரியது, பொறிக்குரியது. வாய்க்குரிய நான்காவது நிலை அதில் இல்லை.

அவ்விடைவெளியை வழக்கே நிரப்பியது. # என்பது பிரித்தானியர்க்கு ‘ஹாஷ்’; அமெரிக்கர் பலருக்கு ‘பவுண்ட்’. பிரித்தானியரோ பவுண்ட் என்றதும் தம் நாணயக்குறியை எண்ணுவர். 1971இல் ரே டாம்லின்சன் மின்னஞ்சல் முகவரிக்குத் தேர்ந்த @ குறி இத்தாலியில் நத்தை, உருசியாவில் நாய், கிரேக்கத்தில் வாத்துக்குஞ்சு. செக் மக்களுக்கோ ஊறவைத்துச் சுருட்டிய மீன்! இசுப்பானியரின் ‘அர்ரோபா’ மட்டும் தொன்மையானது. அது கால்பங்கு எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்த நிறையளவை. ஏனையவை கண்ணுக்குப் பட்ட உருவத்தால் அமைந்த காரணப்பெயர்கள்.

கண்ணால் காண இயலாதார்க்கு இவ்விடைவெளி வேடிக்கையன்று. ‘அ கூட்டல் ஆ வகுத்தல் இ’ என ஒருவர் வாசிக்கக் கேட்டால், வகுபடுவது ‘ஆ’ மட்டுமா, கூட்டுத்தொகை முழுவதுமா? தாளில் ஓர் அடைப்புக்குறியோ கிடைக்கோடோ தீர்த்துவைப்பதைச் செவி அறியாது. பார்வையற்றவரான டி. வி. இராமன், கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் அளித்த முனைவர் ஆய்வேட்டில் இதனையே எடுத்துக்கொண்டார். அவர் ஆக்கிய ‘ஆஸ்டர்’ என்னும் அமைப்பு குறிகளை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி அடுக்குவதோடு நிற்கவில்லை. அடுக்குக்குறி வரும்போது குரலை உயர்த்தி, கணிதத் தொடரின் கட்டமைப்பையே செவிக்கு உணர்த்தியது. அடுத்து வந்த அவரது ‘ஈமாக்ஸ்பீக்’ நிரலின் கட்டளைச்சொல்லையும் குறிப்புரையையும் வெவ்வேறு குரலில் வாசித்தது. கரம், காரம் போலப் பெயருடன் ஓர் ஒட்டைச் சேர்ப்பதன்று இது. குரலின் ஏற்ற இறக்கமே இங்கே சாரியையின் பணியைச் செய்கிறது.

தமிழில் நிரல் கற்பிப்போர் இதனைக் கருதவேண்டும். ‘அடைப்புக்குறி’ எழுதுவதற்கு ஏற்ற கலைச்சொல்லே. ஆயின் ஒரே வரியில் அதனை ஆறுமுறை கேட்கும் பார்வையற்ற மாணவருக்குத் திறப்பது எது, மூடுவது எது என்பதை ஓரசையில் உணர்த்தும் சொல் இன்னும் வழக்கில் இல்லை.