குண்டு ஏன் நேராகப் போவதில்லை?

சாந்தோமிலிருந்து அடையாறு போகிறவர்கள் திரு.வி.க. பாலத்தில் ஆற்றைக் கடக்கிறார்கள். பாலத்துக்குக் கிழக்கே, முகத்துவாரத்தை ஒட்டிக் கிடக்கும் நிலத்துக்கு குயிபிள் தீவு என்று பெயர். 1746 அக்டோபரில் அந்தப் பக்கத்தில் ஒரு சண்டை நடந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்திருந்தார்கள். நகரத்தை மீட்க ஆற்காட்டு நவாப் அன்வருதீன், மகன் மஹ்பூஸ் கான் தலைமையில் பத்தாயிரம் பேர் கொண்டதாகச் சொல்லப்படும் ஒரு படையை அனுப்பினார். எதிர்ப்பக்கம் பாரதி என்ற தளபதி புதுச்சேரியிலிருந்து கூட்டிவந்தது சுமார் ஆயிரம் பேர். பெரும்பாலும் உள்ளூர் சிப்பாய்கள். ஆற்றில் இறங்கினார்கள், வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள், ஈட்டிமுனையோடு பாய்ந்தார்கள். நவாபின் படை சாந்தோம் வழியாகச் சிதறி ஓடியது.

இந்தச் சண்டையை ‘ஒழுங்கு எண்ணிக்கையை வென்ற கதை’ என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லும். எனக்கு அதில் வேறொரு விஷயம் முக்கியமாகப் படுகிறது. அன்று சுட்டவர்களில் யாரும், நாம் இன்று நினைக்கிற அர்த்தத்தில், குறி பார்க்கவில்லை. பார்த்தும் பிரயோஜனம் இல்லை.

அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கியில் குண்டை வாய் வழியாகப் போட்டு, கம்பியால் இடித்து இறக்க வேண்டும். நாலைந்து முறை சுட்டாலே கருமருந்தின் கரி குழலுக்குள் அப்பிக்கொள்ளும். குண்டு கச்சிதமாக இருந்தால் பாதியில் சிக்கிவிடும். அதனால் வேண்டுமென்றே சின்னதாக வார்த்தார்கள். ஆங்கிலேயரின் ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கியில் குழலின் உள்விட்டம் சுமார் 0.75 அங்குலம், குண்டு சுமார் 0.69. சுற்றிலும் இடைவெளி. குண்டு சுவரில் இடதும் வலதுமாக மோதிக்கொண்டே வெளியே வரும். கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ, அதைப் பொறுத்து அதன் போக்கு. இதை யாரும் குறையாகவே நினைக்கவில்லை. நிமிடத்துக்கு மூன்று முறை சுட முடிந்தால் போதும், ஆயிரம் குண்டில் சில நூறாவது எதிலாவது படும் என்பதுதான் கணக்கு.

அதே 1746-ம் ஆண்டுக்கான காப்ளி பதக்கத்தை லண்டன் ராயல் சொசைட்டி, இந்தக் கணக்கை ஏற்காத ஒருவருக்குக் கொடுத்தது. அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707-ல் பாத் நகரில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். போரே கூடாது என்று நம்பும் பிரிவு அது. இருபது வயதில் சொசைட்டி உறுப்பினர். நியூட்டனின் கணிதத்துக்காக பெர்க்லி பாதிரியாரோடு மல்லுக்கட்டியவர். 1742-ல் பீரங்கிக் கலையின் புதிய விதிகள் பற்றி அவர் எழுதிய சின்னப் புத்தகம்தான், எறிபொருள் இயலைக் கைவினையிலிருந்து அறிவியலாக மாற்றியது.

அவர் செய்த காரியம் எளிமையானது. ஒரு கனமான பலகையை ஊசல் போலத் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார். பலகை பின்னால் ஆடும்போது கூடவே ஒரு நாடாவை இழுத்துச் செல்லும். குண்டின் எடை, பலகையின் எடை, நாடாவின் நீளம் எல்லாம் தெரிந்தால் குண்டின் வேகம் கிடைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வேகத்தை நாடாவில் அளந்த முதல் ஆள் என்றே சொல்லலாம். இதில் ஒரு நிபந்தனை உண்டு. குண்டின் எடையில் நூற்றுக்கு இரண்டு தப்பினால், கிடைக்கும் வேகத்திலும் இரண்டு தப்பும். ஒவ்வொரு குண்டையும் ஒவ்வொரு பிடி மருந்தையும் நிறுத்துப் போடும் பழக்கம் இங்கே ஆய்வுக்கான தேவையாகவே வந்துவிடுகிறது.

விநாடிக்கு 1,700 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு, காற்றே இல்லையென்றால், 17 மைல் போய் விழ வேண்டும். பள்ளிக்கூட பரவளையக் கணக்குதான், நீங்களே போட்டுப் பார்க்கலாம். நிஜத்தில் அது ஒரு மைல்கூடப் போவதில்லை. சும்மா இருப்பதாக நினைத்த காற்றுதான் இவ்வளவையும் தின்கிறது என்று காட்டியவர் ராபின்ஸ்.

தூரம் இருக்கட்டும். ஒரே துப்பாக்கி, ஒரே எடை குண்டு, ஒரே அளவு மருந்து. அப்படியும் ஒரு குண்டு இடது பக்கம், அடுத்தது வலது பக்கம் போகிறதே, ஏன்? குண்டு சுழல்வதால்தான் என்றார் ராபின்ஸ். குழல் சுவரில் உரசி வெளியேறும் குண்டு ஏதோ ஓர் அச்சில் சுழல்கிறது, சுழலும் குண்டைக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. சேப்பாக்கத்தில் அஸ்வின் போட்ட பந்து பிட்ச் ஆவதற்கு முன்பே காற்றில் விலகும் பாருங்கள், அதே சமாச்சாரம். நிரூபிக்க ஒரு துப்பாக்கியின் முனையை இடது பக்கம் வளைத்து, மெல்லிய காகிதத் திரைகள் வழியாகச் சுட்டார். குண்டு முதலில் வளைவின்படி இடது பக்கம் போனது, பிறகு காற்றிலேயே வலது பக்கம் திரும்பியது. வளைந்த குழலின் வலது சுவரில் உருண்டு வந்ததால் கிடைத்த சுழற்சி அது.

இதை ஏற்க மறுத்தவர் சாதாரண ஆள் இல்லை, லெயோனார்டு ஆய்லர். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்குக்காக ராபின்ஸின் புத்தகத்தை 1745-ல் ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூலத்தைவிடப் பல மடங்கு நீளமான உரையும் எழுதினார். சுத்தமான கோளத்தைச் சுழற்சி பக்கவாட்டில் தள்ளாது, கோணல் வார்ப்பிலேதான் என்பது ஆய்லரின் கட்சி. ஒருவர் பிழை பறக்கும் விதத்தில் இருக்கிறது என்கிறார், மற்றவர் பொருளில் இருக்கிறது என்கிறார். ஆய்லர் சொல்வது சரியென்றால் தீர்வு சுலபம்: நல்ல குண்டாகப் பொறுக்கி எடுத்தால் போதும். ராபின்ஸ் சொல்வது சரியென்றால், உலகத்திலேயே உருண்டையான குண்டைப் போட்டாலும் அது விலகத்தான் செய்யும். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1852-ல், மாக்னஸ் என்ற ஜெர்மானியர் இதே விளைவை ஆராய்ந்தார். பெயர் அவருக்குப் போய்விட்டது.

ராபின்ஸ் வைத்தியமும் சொன்னார். சுழற்சியை ஒழிக்க முடியாது, ஆகவே அதை நாமே தீர்மானிப்போம். குழலுக்குள் சுருள்வரி வெட்டி, குண்டைப் பயணத் திசையையே அச்சாக வைத்துச் சுழல விடுவோம். இந்த ரைஃபிள் குழல் வேட்டைக்காரர்களிடம் ஏற்கெனவே இருந்ததுதான். அதை முழுமையாகப் புரிந்து தன் படைக்குக் கொடுக்கும் நாடு மற்றவர்களை மிஞ்சும் என்று 1740-களிலேயே எழுதிவைத்தார்.

பிறகு அவர் இங்கே வந்தார். உடன்படிக்கைப்படி மதராஸ் 1749-ல் ஆங்கிலேயரிடம் திரும்பியதும், கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. இழந்து மீண்ட கோட்டையைப் பலப்படுத்த வேண்டும். 1750-ல் கடலூரில் இறங்கினார். தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டைதான் அப்போது இந்தக் கரையில் கம்பெனியின் தலைமையிடம். இரண்டு கோட்டைகளுக்கும் திட்டம் போட்டார். காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. 1751 ஜூலை 29-ல் அங்கேயே இறந்தார். வயது 44. செயின்ட் டேவிட் கோட்டை 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் விழுந்தது. அடுத்த சில மாதங்களில் மதராஸையும் லாலி முற்றுகையிட்டார், அது தாக்குப்பிடித்தது.

அவருடைய ரைஃபிளுக்கு இன்னும் நூறு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் அந்த இடைவெளிதான். சுருள்வரியைக் குண்டு பிடிக்க வேண்டுமென்றால் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் சீக்கிரம் நிரப்ப முடியாது. 1840-களின் கடைசியில் பிரான்சின் மினியே, போடும்போது தளர்வாகவும் வெடிக்கும்போது அடிப்பகுதி விரிந்து இறுகுவதாகவும் ஒரு குண்டைக் கொண்டுவந்தார். அந்த வழியில் வந்ததுதான் என்ஃபீல்ட். அதன் காகிதத் தோட்டா வழுக்கிக்கொண்டு இறங்கக் கொழுப்பு தடவ வேண்டியிருந்தது. பசுவா, பன்றியா என்ற வதந்தி 1857-ல் என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். குழலுக்கும் குண்டுக்கும் நடுவே இருந்த மயிரிழை வெளியை அடைக்கப்போய் ஒரு ராஜ்ஜியமே ஆட்டம் கண்டது.

ரைஃபிள் பரவிய பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. பெரிய பிழை அடங்கியதும் சின்னப் பிழை தெரிய ஆரம்பித்தது. உள்ளே காற்றுக்குமிழி இருக்கும் குண்டின் எடைமையம் நடுவில் இருக்காது. சுழன்றுகொண்டே குழலைவிட்டு வெளியேறும் நொடியில் அது ஒரு பக்கம் எகிறும். பிராங்க்ளின் மான் என்ற அமெரிக்கர் பல்லாண்டுகள் இதற்காகவே சுட்டு, குண்டுகளை வேண்டுமென்றே ஊனப்படுத்தியும் சுட்டுப் பார்த்து, 1909-ல் ஒரு புத்தகம் போட்டார். தோட்டாவைத் தானே நிரப்பிப் போட்டியில் சுடும் அமெரிக்கர்கள் இன்றைக்கும் அந்த வேலையைத் தொடர்கிறார்கள். தி.நகர் நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் குண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, ‘கிரெய்ன்’ கணக்கில் பிரித்து அடுக்குவார்கள். ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம். பெயர் தானிய மணியிலிருந்து வந்தது, நம் குன்றிமணி போல. நீளத்தை நுனியிலிருந்து அளக்க மாட்டார்கள், நுனி சீராக இருக்காது. அடியிலிருந்து, குழலைத் தொடும் வளைவு வரைக்கும் அளப்பார்கள்.

அதாவது, இவர்கள் ஆய்லர் சொன்ன வைத்தியத்தைச் செய்கிறார்கள். பொருளைச் சீராக்கு, பிழை குறையும். அது இன்று பலிக்கிறது என்றால், ராபின்ஸ் சொன்ன சுழற்சி முதலில் ஒழுங்குக்கு வந்ததால்தான். அடையாற்றங்கரையில் சுட்ட குண்டுகளை எடை போட்டுப் பிரித்துக் கொடுத்திருந்தாலும் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் உருண்டு வரும் குண்டுக்கு ஒரு கிரெய்ன் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது புரியும். நிரல் மெதுவாக ஓடினால் எந்த இடத்தில் நேரம் போகிறது என்று முதலில் அளக்கணும். அளக்காமல் சின்ன சின்ன வரிகளைச் செதுக்குவது மன நிம்மதிக்கு மட்டும்தான்.

ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்கான மையம் அரை மில்லிமீட்டர்ப் பொட்டு. ஈயக்குண்டின் தலை 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று டப்பாவிலேயே பிரித்து விற்கிறார்கள். வீரர்கள் துப்பாக்கியைப் பிடிமானத்தில் இறுக்கி, எந்த டப்பா தங்கள் குழலுக்கு ஒத்துவருகிறது என்று சுட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். 2012 லண்டனில் இந்தப் போட்டியில் வெண்கலம் வென்ற ககன் நரங் பிறந்தது சென்னையில். இதே பிரிவில் உலகத் தரவரிசையின் முதலிடம் வரை போன இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில். ராபின்ஸ் இறந்ததும் அதே ஊரில்தான். இதெல்லாம் தற்செயல், பெரிய அர்த்தம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குப் பெயர் கொடுத்து விற்க முடிகிற உலகம் வந்தது தற்செயல் இல்லை. எந்தப் பிழையை முதலில் அளக்க வேண்டும் என்று கேட்ட ஒருவர் அதற்கு வழி திறந்தார், நம் கடற்கரையில் ஒரு கோட்டைச் சுவருக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது இறந்தார்.